ஒருவரையும் தெரியாத அக்கா

ஜெர்மனியில் எங்கள் பக்கத்தில் அவருக்கு 'எடுப்பு அக்கா' என்று பெயர். எடுப்பு என்றால் தலைக்கனம். கலியாணங்களுக்கும் பிறந்தநாள்களுக்கும் பெண்பிள்ளைகளின் சாமத்தியச் சடங்குகளுக்கும் வருவார். கடைசிக்கு முதல் வரிசையில் இருப்பார். சாப்பிடுவார், போவார். யாராவது கிட்டப் போய் "அக்கா, சுகமோ?" என்று கேட்டால் முகம் முழுக்கச் சிரித்து, "சுகம், நீங்கள்?" என்பார். தானாக ஒரு மனிதரை நோக்கி அவர் ஓரடி எடுத்துவைத்ததை ஒருவரும் கண்டதில்லை.

இது எவ்வளவு பெரிய குற்றம் என்று யாழ்ப்பாணத்தாருக்குச் சொல்லத் தேவையில்லை. வீட்டு வாசலில் நின்று சண்டை பிடித்தவரை மறு வருடம் மன்னித்துக் கலியாணத்துக்குக் கூப்பிடுவோம். மண்டபத்தில் கண்டும் காணாமல் போனவரை மூன்று தலைமுறைக்கு மன்னிக்கமாட்டோம்.

நானும் மன்னிக்கவில்லை. நான் சிற்றிதழ்களில் நகைச்சுவைக் கட்டுரை எழுதுகிறவன். பகலில் ஒரு உதிரிப்பாகக் கிடங்கில் பெட்டி அடுக்குகிறேன். இரண்டு தொழிலிலும் பாரம் தூக்குவது ஒன்றுதான், கிடங்கில் முதுகுக்குப் பட்டி தருகிறார்கள். அந்த அக்காவை வைத்து 'மண்டபத்து மகாராணி' என்று ஒரு கட்டுரை எழுதினேன். நடை, முகம், கழுத்தில் கிடந்த மூன்று பவுண் அட்டியல், ஒன்றையும் விடவில்லை. பத்துப் பேர் பாராட்டினார்கள். என் எழுத்து வாழ்க்கையில் அது ஒரு திருவிழா.

பிறகு எனக்கு இடுப்பைச் சுற்றி அக்கி போட்டது.

டார்ம்ஸ்டாட்டில் என் டாக்டர் எதையும் அரைகுறையாகச் செய்யாதவர். அக்கிக்கு மருந்து எழுதிவிட்டு, இந்த வயதில் இது ஏன் வந்தது என்று இரத்தம் எடுத்தார். ஜெர்மனியில் நல்ல செய்தியும் கடிதத்தில்தான் வரும், கெட்ட செய்தியும் கடிதத்தில்தான் வரும். ஆனால் அன்று டாக்டரே தொலைபேசியில் அழைத்தார். கிடங்கில் பெட்டியைக் கீழே வைத்துவிட்டுப் போனேன்.

எச்.ஐ.வி. என்றார். நாளுக்கு ஒரு மருந்துக் குளிசை, காலம் முழுக்க. ஒழுங்காகக் குடித்தால் நீண்டகாலம் வாழ்ந்து வேறு ஏதாவது காரணத்தால் சாவீர்கள் என்றார். வேறு காரணத்தால் சாவீர்கள் என்று ஒரு மனிதருக்கு ஆறுதல் சொல்லலாம் என்பதை அன்றுதான் அறிந்தேன்.

எப்படி வந்தது என்று கேட்கிறீர்கள். பிறகு நான் உதவி தேடிப் போன இடத்தில் கேட்கவில்லை. நீங்களும் கேட்காதீர்கள்.

டாக்டர் சில சங்கங்களின் முகவரியைத் தந்தார். அந்த நோயோடு வாழ்பவர்களுக்கு ஆலோசனை, துணை, படிவம் நிரப்ப உதவி எல்லாம் கிடைக்கும் என்றார். டார்ம்ஸ்டாட்டில் மூன்று தமிழ்க் கடைகள் என்னை அறியும். ஆகவே ரயிலில் ஒரு மணி நேரம் தள்ளி இருந்த நகரத்துச் சங்கத்தைத் தேர்ந்தேன். தொலைபேசியில் என் ஜெர்மனைக் கேட்ட பெண், தாய்மொழி என்ன என்று விசாரித்தார். சொன்னேன். மறுநாள் அவரே அழைத்தார். குரலில் பிறந்தநாள் பரிசு கொடுக்கப் போகிறவரின் குதூகலம். "எங்களிடம் தமிழ் பேசும் ஆலோசகர் இருக்கிறார்! வியாழன் மூன்று மணிக்கு உங்களுக்கு டெர்மின் போட்டுவிட்டேன்!"

அந்த நல்ல மனுசிக்கு எப்படி விளங்கப்படுத்துவது? ஒரு ஜெர்மன்காரரிடம் சொன்ன விஷயம் அவரோடு நிற்கும். ஒரு தமிழரிடம் சொன்னால் அன்று மாலைக்குள் பாரிஸ் போய், லண்டனில் தேத்தண்ணி குடித்து, டொரன்டோவில் இறங்கும். ஆனால் டெர்மின், அதாவது சந்திப்பு நேரம், போட்டாகிவிட்டது. இந்த நாட்டில் கலியாணத்தைக்கூட ரத்துச் செய்யலாம், டெர்மினை ரத்துச் செய்தால் கர்மவினை தொடரும். ரயிலில் ஒரு மணி நேரம் யோசித்து, இல்லாத நண்பன் ஒருவனைப் படைத்தேன்.

கதவைத் திறந்தவர் எடுப்பு அக்கா.

மூன்று கிழமைக்கு முன்தான் ஒரு மண்டபத்தில் அவருக்குப் பின் வரிசையில் இருந்து அவரைப் பற்றி விமர்சித்திருந்தேன். அவர் முகத்தில் ஒரு சலனமும் இல்லை. "வாங்கோ, இருங்கோ" என்றார், முதல் தடவை காண்பவரைப்போல.

"அக்கா, நான் எனக்காக வரேல்லை. என்ர சிநேகிதன் ஒருத்தன்..."

"ஓம், சொல்லுங்கோ."

"அவனுக்கு இந்த வருத்தம் எண்டு போன கிழமை சொல்லிப்போட்டினம்."

"சிநேகிதன் நித்திரை கொள்ளுறாரோ?"

"இல்லை அக்கா."

"சாப்பிடுறாரோ?"

"மூண்டு நாளா ஒண்டும் இறங்கேல்லை."

அவர் அலுமாரியைத் திறந்து ஒரு தட்டில் ரோல்ஸ் எடுத்து என் முன்னால் வைத்தார். "அப்ப நீங்கள் சாப்பிடுங்கோ. அவருக்கு நல்லது."

நான்கு ரோல்ஸ் சாப்பிட்டேன். என் நண்பனின் உடல்நலத்துக்காக இவ்வளவு பாடுபட்டவன் உலகத்தில் வேறு ஒருவன் இருக்கமாட்டான்.

சாப்பிட்டு முடியும்வரை எந்த ஊர் என்று அவர் கேட்கவில்லை. ஊரில் எவடம், யாருடைய மகன், எந்தப் பள்ளிக்கூடம், ஒன்றுமில்லை. ஒரு தமிழர் என்னோடு அரை மணி நேரம் பேசி இதில் ஒன்றைக்கூடக் கேட்காதது அதுவே முதல் தடவை. எனக்குக் கொஞ்சம் அவமானமாகவும் இருந்தது.

கடைசியில் ஒரு கொப்பியை விரித்தார். "சிநேகிதனுக்கு ஒரு பேர் வைக்கவேணும். உண்மைப் பேர் வேண்டாம். நான் மரக்கறிப் பேர்தான் வைக்கிறனான். அவர் ஆள் எப்பிடி? மெல்லிசோ?"

"என்னை மாதிரித்தான்."

"அப்ப முருங்கைக்காய் வைச்சிருக்கலாம். அது ஏற்கெனவே ஒருத்தருக்குப் போட்டுது. கத்தரிக்காய், பாவக்காயும் போட்டுது." யோசித்தார். "பயித்தங்காய் வைப்பம்."

ரயிலில் திரும்பி வரும்போதுதான் அந்த வசனம் உறைத்தது. முருங்கைக்காய் போய்விட்டது. கத்தரிக்காய் போய்விட்டது. அப்படியென்றால் எனக்கு முன்னால் இங்கே ஒரு மரக்கறிச் சந்தையே வந்து போயிருக்கிறது. நான் மட்டும்தான் என்று ஒரு கிழமையாகக் கட்டிலில் கிடந்து உருண்டவன், யாரென்று தெரியாத ஒரு பாவக்காயை நினைத்து ஜன்னல் பக்கம் திரும்பிச் சிரித்தேன்.

அடுத்த கிழமை அரை மணி முந்திப் போய்விட்டேன். காத்திருக்கும் இடத்தில் ஊன்றுகோலோடு வெள்ளைத் தாடி வைத்த ஒரு ஜெர்மன்காரர் இருந்தார். சங்கத்தைத் தொடங்கியவர்களில் ஒருவர். என்னைக் கண்டதும் மலர்ந்து, "எனக்கு ஒருத்தரையும் தெரியாது" என்று தமிழில் சொன்னார். நான் திகைத்ததைப் பார்த்து, உச்சரிப்புப் பிழையோ என்று கேட்டார். இத்தனை வருடமாக அதைத் தமிழில் வணக்கம் என்று நம்பியிருந்தாராம்.

அவர் சொன்ன கதையில்தான் அக்கா எனக்கு விளங்கத் தொடங்கினார்.

சங்கம் ஒரு சைக்கிள் திருத்தும் கடைக்கு மேலிருந்த அறையில் தொடங்கியது. ஐந்து நண்பர்கள். மருந்து இல்லாத காலம். நோயாளிகளின் வீட்டார் வராத ஆஸ்பத்திரிக் கட்டில்களுக்குப் பக்கத்தில் இவர்கள் போய் இருந்தார்கள், சூப் காய்ச்சிக் கொண்டுபோனார்கள், செத்தவீட்டை ஒழுங்கு செய்தார்கள். ஐவரில் இவர் மிஞ்சினார். பிறகு நகராட்சி கொஞ்சம் உதவி, இரண்டு அறை கிடைத்தது. அறையைத் துப்புரவாக்க ஆள் கிடைக்கவில்லை. துப்புரவு நிறுவனங்கள் பெயரைக் கேட்டதும் தொலைபேசியை வைத்தன. கடைசியில் ஒரு நிறுவனம், மறுக்கத் தெரியாத ஒரு அகதிப் பெண்ணை அனுப்பியது.

"அவர் பயந்துவிடக்கூடாது என்று நாங்கள் இரண்டு மணி நேரம் முந்தி வந்து எல்லாவற்றையும் கழுவித் துடைத்து வைத்தோம்" என்றார் தாடிக்காரர். "கோப்பைகளை மூன்று தடவை கழுவினோம். அவர் வந்தார். அறையைச் சுற்றிப் பார்த்தார். எல்லாம் சுத்தம், நான் என்ன செய்ய என்று உடைந்த ஜெர்மனில் கேட்டார். எங்களோடு தேநீர் குடியுங்கள் என்றோம். குடித்தார். அதற்குப் பிறகு ஒவ்வொரு கிழமையும் நாங்கள் துடைத்த தரையை அவர் திரும்பத் துடைத்தார். அந்த நாட்களில் நகரத்திலேயே சுத்தமான தரை எங்களுடையது."

ஒருநாள் அகதி முகாமிலிருந்து ஒரு தமிழரை ஆஸ்பத்திரிக்காரர் அனுப்பியிருந்தார்கள். ஜெர்மன் ஒரு சொல்லும் தெரியாது. அவர் கதவைத் திறந்தார், உள்ளே தரை கூட்டும் தும்புத்தடியோடு ஒரு தமிழ்ப் பெண் நிற்பதைக் கண்டார், வந்த வழியே ஓடத் திரும்பினார். அப்போதுதான் அக்கா அந்த வசனத்தைச் சொன்னார். தம்பி, நில்லுங்கோ. எனக்கு ஒருத்தரையும் தெரியாது. உங்களையும் தெரியாது. வெளியில கண்டாலும் தெரியாது.

அந்த மனிதர் நின்றார். அக்கா ஒரு கையில் தும்புத்தடியைப் பிடித்தபடி மொழிபெயர்த்தார். சங்கத்தின் தமிழ்ப் பிரிவு அப்படித்தான் தொடங்கியது. பிறகு அவரைப் படிக்கவைத்து ஆலோசகர் ஆக்கினார்கள். ஊரில் கேட்டவர்களுக்கு, ஒரு கந்தோரில் கூட்டித் துடைக்கிறேன் என்று சொல்லிவந்தார். அது பொய்யும் இல்லை. தும்புத்தடியை அவர் இன்றுவரை மற்றவர் கையில் கொடுக்கவில்லை.

மண்டபக் கணக்கை நான் அங்கே இருந்தபடியே போட்டுப் பார்த்தேன். மண்டபத்தில் இருநூறு பேர். அதில் ஒருவர் பாவக்காய். மற்றவர்களுக்கு வணக்கம் சொல்லி அவருக்கு மட்டும் சொல்லாவிட்டால் ஏன் என்று கேள்வி வரும். அவருக்கும் சொன்னால் எப்படிப் பழக்கம் என்று கேள்வி வரும். ஒருவருக்கும் சொல்லாவிட்டால் அக்காவுக்கு எடுப்பு என்பதோடு கதை முடிந்துவிடும்.

"அவர் மகளின் சடங்குக்குப் பாதிப் பேர் வரவில்லை" என்றார் தாடிக்காரர். "மிச்சச் சாப்பாட்டை இங்கே கொண்டுவந்தார். மூன்று நாள் வடை சாப்பிட்டோம். ஏன் வரவில்லை என்று கேட்டேன். தமிழர்களுக்கு வேலை அதிகம் என்றார்."

பிறகு தாடிக்காரர் பெருமூச்சு விட்டு, சங்கம் முன்போல இல்லை என்று முறையிட்டார். இப்போது ஒருவரும் சாவதில்லையாம். எல்லோருக்கும் வயதாகிறதாம். செத்தவீடு ஒழுங்கு செய்த சங்கம் ஓய்வூதியப் படிவம் நிரப்புகிறது, முழங்கால் நோவைப் பற்றிக் கூட்டம் போடுகிறது. முறையிடும்போது அவர் கண் சிரித்தது.

அக்கா உள்ளே கூப்பிட்டார். நண்பனின் குளிசை, வயிற்றுப் பிரட்டல், நித்திரை எல்லாம் விசாரித்தார். பிறகு, "உங்கட சிநேகிதன் எழுதுறவரோ?" என்றார்.

"ஓம்... இடைக்கிடை."

"நல்லா எழுதுறார். சிரிச்சனான். ஆனா அந்த அட்டியல் மூண்டு பவுண் எண்டது பிழை. அது கவரிங்."

நான் மேசையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். மேசை மிகவும் சுத்தமாக இருந்தது.

"சரி, அது போகட்டும்" என்றார். குரல் மாறியது. "நான் இஞ்ச ஒருத்தரிட்டயும் ஒண்டும் கேக்கிறேல்லை. ஒரு கேள்வியைத் தவிர. சிநேகிதனுக்கு மனுசி இருக்கோ?"

"இருக்கு."

"அவவுக்குத் தெரியுமோ?"

"இல்லை."

"அவவும் இரத்தம் பாக்கவேணும். அவவுக்கும் இருந்தா மருந்து உடன தொடங்கவேணும். இல்லாட்டி அவ நிம்மதியா இருக்கவேணும். ரெண்டும் அவவின்ர உரிமை. இண்டைக்கே சொல்லச் சொல்லுங்கோ."

"அவன் பெரிய பயந்தாங்கொள்ளி, அக்கா."

"தெரியும். இஞ்ச வந்த சிநேகிதன்மார் எல்லாரும் அப்பிடித்தான். ஆனா சொன்னவை."

அன்று பின்னேரம் வீட்டுக்குப் போனபோது மனைவி லீக்ஸ் வெட்டிக்கொண்டிருந்தாள். அவள் முதியோர் இல்லத்தில் பராமரிப்பாளர். மகள் டிரெஸ்டனில் படிக்கிறாள். வீட்டில் நாங்கள் இருவர்தான்.

"என்ர சிநேகிதன் ஒருத்தன்..." என்று தொடங்கினேன்.

"உங்களுக்கு ஆரப்பா சிநேகிதன்?" என்றாள் நிமிராமலே. "இருபது வருசத்தில நான் ஒருத்தரையும் காணேல்லை."

என் நண்பன் அந்த இடத்திலேயே இறந்துபோனான். மிச்சத்தை நானே சொன்னேன்.

அவள் கத்தியை வைத்தாள். அடுப்பை நிற்பாட்டினாள். அழுவாள், கத்துவாள், எப்படி வந்தது என்று கேட்பாள் என்று ஒவ்வொன்றுக்கும் பதில் தயாரித்திருந்தேன். அவள் ஒன்றுதான் கேட்டாள். "எப்ப தெரியும்?"

"ரெண்டு கிழமை."

"ரெண்டு கிழமை. எனக்குப் பக்கத்தில படுத்துக்கொண்டு."

மகளின் அறைக்குப் போய்க் கதவைச் சாத்தினாள். மற்றக் கேள்வியை அதற்குப் பிறகு ஒருநாள் கேட்டாள், பதிலும் சொன்னேன். அது எங்கள் இருவருக்கும் உரியது. இந்தக் கட்டுரையை அவளிடம் காட்டித்தான் அனுப்புகிறேன், இரண்டு இடத்தில் வெட்டியிருக்கிறாள். இரகசியம் வெளியே போய்விடாதா என்று அவளுக்குக் கவலை இல்லை. என் வாசகர் தொகை அவளுக்குத் தெரியும்.

அடுத்த வியாழன் இருவரும் போனோம், ரயிலில் எதிரெதிர் இருக்கையில், ஒரு சொல் பேசாமல். அக்கா கதவைத் திறந்தார்.

"வாங்கோ. பயப்பிடாதேங்கோ, எனக்கு ஒருத்தரையும் தெரியாது."

"இவரையுமோ?" என்றாள் மனைவி.

"இவரையும்."

"குடுத்துவைச்சனீங்கள்."

அக்கா கொப்பியை விரித்து, உங்களுக்கு ஒரு பேர் வைப்பம் என்று தொடங்கினார். "எனக்கு என்ர பேர் இருக்கு" என்றாள் மனைவி. முழுப்பெயரையும் எழுத்தெழுத்தாகச் சொன்னாள். அக்கா பேனையைத் தூக்கியபடி அவளைப் பார்த்தார். பிறகு எழுதினார். பயித்தங்காய்க்குக் கீழே, அந்தக் கொப்பியில் முதல் தடவையாக ஒரு மனிதப் பெயர்.

இரத்தம் இரண்டு தடவை பார்க்கவேண்டும், இன்று ஒன்று, ஆறு கிழமை கழித்து ஒன்று, இரண்டாவதுதான் முடிவானது என்று விளங்கப்படுத்தினார்கள். முதலாவதில் ஒன்றுமில்லை என்று வந்தது. ஆனால் அதை நம்பிச் சிரிக்க எங்களுக்குத் தைரியம் வரவில்லை.

அந்த ஆறு கிழமையும் மனைவி என்னோடு பேசிய விஷயங்கள் இரண்டு. காலையில், "இண்டைக்கு மஞ்சள் குப்பைப் பை வெளியில வைக்கவேணும்." மாலையில், "குளிசை குடிச்சாச்சோ?" இரண்டையும் ஒரே குரலில் சொல்வாள். எனக்கு இரண்டாவதில் ஒரு இழை வித்தியாசம் கேட்டது. கேட்கவேண்டும் என்று ஆசைப்பட்டதால் கேட்டிருக்கலாம்.

நடுவில் ஒரு கலியாணம் வந்தது. போகாவிட்டால் ஏன் என்று கேட்பார்கள், ஆகவே போனோம். டார்ம்ஸ்டாட்டில் கடை வைத்திருக்கும் அண்ணை ஒருவர் எங்கள் மேசைக்கு வந்தார். அவருக்குக் காய்கறி விற்பது உப தொழில்.

"தம்பி," என்று சங்கம் இருந்த நகரத்தின் பெயரைச் சொன்னார். "உம்மை அங்கத்தைய ஸ்டேஷனில ரெண்டு தரம் கண்டனான். போன கிழமை ரெண்டுபேரையும் கண்டன். அங்க என்ன அலுவல்?"

நான் வாய் நிறையச் சோற்றை அடைத்தேன். அந்த நேரம் பார்த்து அக்கா தட்டோடு எங்களைக் கடந்துபோனார். அண்ணை கையை நீட்டி மறித்தார். "அக்கா, நீங்களும் அந்தப் பக்கம்தானே வேலை. இவையள் அங்க அடிக்கடி வருகினம். உங்களுக்குத் தெரியுமோ?"

அக்கா எங்கள் இருவரையும் நிதானமாகப் பார்த்தார். "இல்லையே அண்ணை. எனக்கு ஒருத்தரையும் தெரியாது." போய்விட்டார்.

"பாத்தீரோ எடுப்பை!" என்றார் அண்ணை. என் தலை பழக்கதோஷத்தால் ஆடத் தொடங்கியது.

"அண்ணை, அவ எடுப்பில்லை" என்றாள் மனைவி.

"உனக்கெப்பிடிப் பிள்ளை தெரியும்?"

"முகத்தைப் பாத்தாத் தெரியாதோ? நீங்கள் கடையில எல்லாரோடயும் சிரிச்சுக் கதைக்கிறியள். அதுக்காக உங்களை நல்லவர் எண்டு ஆராவது சொல்லுறவையோ?"

மேசை முழுக்கச் சிரித்தது. அண்ணையும் வேறு வழியில்லாமல் சிரித்தார். எங்கள் ஸ்டேஷன் அலுவல் அந்தச் சிரிப்பில் அடிபட்டுப் போனது. நான் தட்டைப் பார்த்தபடி இருந்தேன். இருபது வருடமாக நகைச்சுவை எழுதுகிறேன், ஒரு நாளும் ஒருவரைக் காப்பாற்ற அதைப் பயன்படுத்தியதில்லை.

ஆறாவது கிழமை முடிந்தது. சங்கத்தில் முடிவை நேரில்தான் சொல்வார்கள். சங்கத்து டாக்டர் கடுதாசியை எங்கள் பக்கம் திருப்பி ஜெர்மனில் சொன்னார். நெகட்டிவ், இது முடிவானது. மனைவிக்கு என்னைவிட நன்றாக ஜெர்மன் தெரியும். ஆனாலும் அக்காவின் பக்கம் திரும்பி, "தமிழில சொல்லுங்கோ" என்றாள்.

"இல்லைப் பிள்ளை. உங்களிட்ட ஒண்டும் இல்லை."

"திருப்பிச் சொல்லுங்கோ."

"ஒண்டும் இல்லையம்மா."

மனைவி மேசையில் தலையை வைத்து அழுதாள். அக்கா அவள் முதுகில் கையை வைத்துக்கொண்டு நின்றார். எனக்குக் கை எங்கே வைப்பதென்று தெரியவில்லை. என் கடுதாசியும் வந்திருந்தது. மருந்து வேலை செய்கிறது, கிருமி மளமளவென்று இறங்குகிறது என்றார் டாக்டர். அது பிடிபடாத அளவுக்குப் போய் அப்படியே நின்றால் என்னிடமிருந்து ஒருவருக்கும் தொற்றாது என்றார். சில மாதத்தில் அப்படியே ஆனது, இன்றுவரை அப்படியே இருக்கிறது. ஆனால் அன்று அது என் காதில் பாதிதான் விழுந்தது. இரண்டரை மாதமாக நெஞ்சில் குந்தியிருந்த ஏதோ ஒன்று எழும்பிப் போன இடம் காற்றோட்டமாக இருந்தது.

தெருவுக்கு வந்ததும் மனைவி நின்றாள். "பசிக்குது."

மூலையில் ஒரு சிறிய கடை. ஒரு தட்டுப் பொம்மஸ் வாங்கினாள், பொரித்த உருளைக்கிழங்கு. ஒரு தட்டுத்தான். குத்திச் சாப்பிட ஒரு சின்ன மரமுள். நின்றபடியே வேகமாகச் சாப்பிட்டாள். பாதியில், என்னைப் பாராமலே, முள்ளை என் கையில் தந்தாள்.

நான் ஒன்றைக் குத்தி வாயில் வைத்தபோது, வேலை முடிந்து அக்கா எங்களைக் கடந்து ஸ்டேஷன் பக்கம் நடந்தார். திரும்பிப் பார்க்கவில்லை.

"அக்கா!" என்றாள் மனைவி. நடுத்தெருவில், தமிழில், சந்தையில் கூப்பிடுவதுபோல.

அக்கா நின்றார். தெருவின் இரண்டு பக்கமும் ஒரு தடவை பார்த்துவிட்டுத் திரும்பி வந்தார்.

"உங்கட பேர் என்ன அக்கா?"

அவரிடம் அதை யாரும் கேட்டுக் கனகாலம் ஆகியிருக்க வேண்டும். கைப்பையை மற்றக் கைக்கு மாற்றிவிட்டுச் சொன்னார். நல்ல பெயர். அதை நான் எழுதப்போவதில்லை.

மனைவி உப்புக் கையைச் சேலைத் தலைப்பில் துடைத்துவிட்டு நீட்டினாள். தன் பெயரைச் சொன்னாள். பிறகு என் பக்கம் தலையை ஆட்டினாள்.

"இவர் என்ர மனுசன்."

"அப்பிடியோ" என்று அக்கா முகம் முழுக்கச் சிரித்து எனக்கும் கை தந்தார். "சந்தோசம் தம்பி. ஊரில எவடம்?"